பழைய ரேசரும் புதிய முகமும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (கணிதம்) மாணவன்

சென்ற ஆண்டு கணங்களைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் ஒரு புதிரை எழுதினார். ஓர் ஊரில் ஒரே ஒரு முடிதிருத்துபவர் இருக்கிறார். தமக்குத் தாமே சவரம் செய்துகொள்ளாத ஆண்கள் அனைவருக்கும் அவர் சவரம் செய்கிறார். தாமே செய்துகொள்கிறவர்களுக்கு அவர் செய்வதில்லை. அப்படியானால் அவருக்குச் சவரம் செய்பவர் யார்? அவரே செய்துகொள்கிறார் என்றால், விதிப்படி அவர் செய்துகொள்ளக் கூடாது. செய்துகொள்ளவில்லை என்றால், விதிப்படி அவரே செய்துகொள்ள வேண்டும். பெர்ட்ரண்ட் ரசல் 1901-ஆம் ஆண்டில் கண்ட முரண்பாட்டை எளிதில் விளக்குவதற்காக வழங்கி வரும் புதிர் இது.

வகுப்பு சிந்திக்கவில்லை, சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், அந்தத் தொழிலைக் குறிக்கும் பழைய வசைச்சொல் ஒன்றைச் சொல்லிற்று. சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏனெனில் என் தந்தை முடிதிருத்துபவர். கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் நான் 'சுயதொழில்' என்று எழுதியிருந்தேன். அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று.

அன்று வகுப்பில் சொல்லாமல் விட்டதை இன்று இந்த மலரில் சொல்ல விரும்புகிறேன். அதற்கு எங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்த ஒரு பழைய சேஃப்டி ரேசரே எனக்குத் துணை.

புதிருக்கு எங்கள் வீட்டு விடை

எங்கள் ஊர் கங்கைகொண்ட சோழபுரம். வீட்டு வாசலில் நின்றால் இராசேந்திர சோழன் எடுத்த கோயிலின் விமானம் தெரியும். ஆயிரம் ஆண்டுப் பழமையான கோயிலுக்கு அருகில் குடியிருந்துகொண்டு, ஐம்பதாண்டு வயதுள்ள ஒரு ரேசரைப் பழம்பொருள் என்று சொன்னால் ஊரார் சிரிப்பார்கள். ஆனாலும் எங்கள் வீட்டில் அதைவிடப் பழைய பொருள் வேறில்லை.

ரசலின் புதிரை அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். அவர் சற்றும் யோசிக்கவில்லை. "இதுல என்னடா புதிரு? உங்க தாத்தாவுக்கு அவரோட பங்காளி செய்வாரு. பங்காளிக்குத் தாத்தா செய்வாரு. எங்க தொழில்ல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துக்கறதுதான் வழக்கம்" என்றார். பிறகு சற்றுப் பொறுத்து, "ஆனா தாத்தா கடைசிக் காலத்துல யாருகிட்டயும் போகல. அந்த ஷேவிங் செட்டுலதான் அவரே செஞ்சுக்குவாரு" என்று முடித்தார்.

அந்த ஷேவிங் செட்டை நான் முதன்முதலில் பார்த்தது 2020-ஆம் ஆண்டு. மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. அப்பாவின் கடைக்குப் பூட்டு விழுந்தது. மே மாதத்தில் கிராமப்புறக் கடைகளைத் திறக்க அரசு அனுமதிக்கும் வரை, வீட்டில் வருமானம் என்று ஒரு காசும் இல்லை. ரேஷன் அரிசியும் பக்கத்து வீட்டு முருங்கைக் கீரையுமாக நாள்கள் போயின. எனக்கோ அப்போதுதான் மீசை அரும்பிக்கொண்டிருந்தது. ஒருநாள் தாத்தா தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த ரேசரை எடுத்தார். நிக்கல் பூச்சு தேய்ந்து, உள்ளே இருந்த பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. "கடையில உட்கார்ந்து பழகுறதுக்கு முன்னாடி, உன் மூஞ்சிய நீயே பாத்துக்கப் பழகு" என்று என் கையில் கொடுத்தார். அதோடு அதன் கதையையும் சொன்னார். அவர் இப்போது இல்லை. ரேசர் என்னிடம் இருக்கிறது.

ஐம்பத்தொரு ரேசர்கள்

தாத்தாவின் கதைக்கு முன், ரேசரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பழைய சவரக்கத்தி என்பது ஒரு கலை. அதைச் சாணைக்கல்லில் தீட்ட வேண்டும். தோல்வாரில் இழுக்க வேண்டும். கன்னத்தில் வைக்கும்போது கையில் நடுக்கம் இருக்கக் கூடாது. ஆண்டுக்கணக்கில் பழகிய கைக்கே அது அடங்கும். ஆகவே உலகெங்கும் பெரும்பாலான ஆண்கள் தம் முகத்துக்கு இன்னொருவர் கையை நம்பியிருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் பெர்ரே என்பவர் கத்திக்கு மரக்காப்பு ஒன்று செய்தார். 1880-இல் அமெரிக்காவில் காம்ஃப் சகோதரர்கள் சீப்பு போன்ற காப்புள்ள ரேசருக்குக் காப்புரிமை பெற்றனர். ஆனால் அவற்றின் அலகையும் தீட்டித்தான் ஆக வேண்டும்.

தீட்டவே வேண்டாத, மலிவான, மெல்லிய அலகு என்ற எண்ணம் கிங் கேம்ப் ஜில்லெட் என்ற விற்பனையாளருக்கு 1895-இல் தோன்றியது. அவர் புட்டி மூடி விற்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். போட்டி வாணிகமே ஒழிய வேண்டும் என்று 1894-இல் நூல் எழுதியவரும் அவரே என்பது வேடிக்கையான செய்தி. தாள் போன்ற எஃகில் கூர்முனை நிற்காது என்று அறிந்தவர்கள் கைவிரித்தார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர்தான் அத்தகைய எஃகைக் கடினமாக்கிக் கூர் ஏற்றும் முறையைக் கண்டு, எண்ணத்தைப் பொருளாக்கினார். 1903-இல், விற்பனை தொடங்கிய ஆண்டில், விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளுமே! 1904-இல் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் வீரர்களுக்கு ஏறத்தாழ 35 இலட்சம் ரேசர்களை வழங்கியது. போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்கள் தாமே சவரம் செய்துகொள்ளும் பழக்கத்தையும் உடன் கொண்டுபோனார்கள். பட்டாளத்தின் வழியாக வீட்டுக்குள் நுழைந்த பொருள் அது. எங்கள் பக்கத்துக்கும் அது அவ்வாறே வந்தது.

அதன் அமைப்பைக் கழற்றிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மூன்றே உறுப்புகள்: மேல்மூடி, அடித்தகடு, கைப்பிடி. பிளேடின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். வெறுங்கையில் பிடித்தால் அது துவளும். ஆனால் மேல்மூடிக்கும் அடித்தகட்டுக்கும் இடையே வைத்துக் கைப்பிடியைத் திருகும்போது பிளேடு வில்லாக வளைகிறது. வளைந்ததும் விறைப்பு வந்துவிடுகிறது. ஒரு தாளைத் தட்டையாகப் பிடித்தால் தொங்குகிறது. நீளவாக்கில் சற்று வளைத்துப் பிடித்தால் நேராக நிற்கிறது அல்லவா? அதே தத்துவம்தான். கனமான எஃகு செய்த வேலையை, வளைந்த மெல்லிய எஃகு செய்கிறது. துணைப்பாடமான இயற்பியலில் நான் படித்தவற்றில், என் கையிலேயே வைத்துச் சோதித்துப் பார்த்த பாடம் இது ஒன்றே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மயிரைவிட எஃகு ஏறத்தாழ ஐம்பது மடங்கு கடினமானது. அப்படியிருந்தும் பிளேடு ஏன் மழுங்குகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் இதற்கு விடை கண்டு வெளியிட்டார்கள். வெட்டும்போது மயிர் வளைகிறது. பிளேடின் விளிம்பில் எஃகின் நுண்ணமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில் அழுத்தம் குவிந்து, சிறு சில்லு பெயர்கிறது. தேய்வதைவிடச் சில்லுச் சில்லாக உடைவதே மழுங்கலுக்குக் காரணம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்ற பழமொழியை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள்! மென்மையான ஒன்று, தொடர்ந்து எதிர்த்து நின்றால், கடினமானதன் பலவீனமான இடத்தில் அதை உடைத்துவிடும். இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குத் தாத்தா சொன்ன கதைதான் நினைவுக்கு வந்தது.

சுதந்திரம் என்ற கூலி

தாத்தாவின் இளமையில் எங்கள் தொழிலுக்குக் கடையும் கிடையாது, காசும் கிடையாது. அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். அல்லது புளியமரத்தடியில் உட்கார வேண்டும். ஆண்டு முழுதும் உழைத்ததற்கு அறுவடைக் காலத்தில் களத்தில் தானியம் அளப்பார்கள். ஏரிப் பாசனம் உள்ளவர்கள் நெல் கொடுப்பார்கள். மானாவாரிக்காரர்கள் கம்போ வரகோ கொடுப்பார்கள். அந்தப் பங்குக்கு ஊரில் வழங்கிய பெயர் என்ன தெரியுமா? 'சுதந்திரம்'. நாட்டுக்குச் சுதந்திரம் 1947-இல் வந்துவிட்டது. தாத்தாவுக்குச் சுதந்திரம் ஆண்டுக்கொரு முறை மரக்காலில் அளந்து கொடுக்கப்பட்டது. அளப்பவர் முகம் சுளித்தால் அதுவும் இல்லை.

கிராமத்துத் தொழிலாளிக்குப் பங்கு அளிப்பது பழைய வழக்கம்தான். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு, ஆடல் மகளிர், இசைவாணர், கணக்கர் ஆகியோருடன் நாவிதர், வண்ணார், குயவர், தையற்காரர் ஆகியோருக்கும் பங்கு குறித்து வைத்திருக்கிறது. கல்லில் பெயர் பெற்ற தொழில் அது. மேலும் நாவிதர் குடியினர் அறுவை மருத்துவமும், அவர்கள் வீட்டுப் பெண்கள் பேறுகாலம் பார்ப்பதும் செய்தார்கள். மருத்துவர் என்ற பெயர் எங்களுக்கு இன்றும் அதனால்தான் வழங்குகிறது. அத்தகைய தொழிலின் பெயர் வசைச்சொல்லாக மாறியது எப்படி என்று வரலாறு படிக்கும் நண்பர்கள் ஆராய வேண்டும்.

பங்கோடு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. நிலக்காரர்களுக்குத் தொழில் செய்யும் கை, சேரி மக்களின் தலையைத் தொடக் கூடாது. தொட்டால் களத்தில் பங்கு கிடையாது. ரசலின் ஊரில் முடிதிருத்துபவர், தாமே சவரம் செய்துகொள்ளாத எல்லாருக்கும் செய்தார். தாத்தா தொழில் செய்த ஊரிலோ அப்படியில்லை. அங்கே யாருக்குச் செய்யலாம் என்பதை அவர் முடிவு செய்யவில்லை. அந்த ஊரின் பெயர் இங்கே வேண்டாம். அப்படிப்பட்ட ஊர்கள் அன்று ஒன்றிரண்டல்ல.

சட்டம் இதை ஒப்பவில்லை என்பதும் உண்மை. 1948-ஆம் ஆண்டு நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பொருள் பேசப்பட்டது. கடைகளில் நுழையும் உரிமை என்றால், சவரக்கடையும் சலவைக்கடையும் அதில் அடங்குமா என்ற ஐயம் எழுந்தது. 'கடை' என்ற சொல்லை விரிந்த பொருளிலேயே ஆண்டிருப்பதாகவும், வருகிறவர்களுக்குத் தம் சேவையை அளிக்க முன்வரும் இடம் எதுவும் கடையே என்றும் டாக்டர் அம்பேத்கர் விளக்கினார். 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976-இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிக் கடுமையாயிற்று. சேவை அளிக்க மறுப்பது குற்றம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. ஆனால் அந்தத் தாள், தாத்தாவின் புளியமரத்தடிக்கு வந்து சேரவில்லை. ரேசர் வந்து சேர்ந்தது.

பட்டாளத்துக்காரர்

1971 போர் முடிந்து, சேரியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பட்டாளத்திலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். பூட்சும் சீருடையுமாகப் புளியமரத்தடிக்கு வந்து, "அண்ணே, எனக்கு ஒரு சவரம் செய்யுங்க" என்று கேட்டாராம். அருகில் நிலக்காரர் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். தாத்தா பேசவில்லை. கத்தியைத் தோல்வாரில் இழுத்துக்கொண்டே இருந்தார். தீட்டிய கத்தியையே மறுபடி மறுபடி தீட்டினாராம். பட்டாளத்துக்காரர் சிறிது நேரம் நின்று பார்த்தார். பிறகு ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பிப் போனார்.

தம் வீட்டு வாசலில் முக்காலி போட்டு, சுவரில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, பட்டாளத்தில் வாங்கிய ரேசரால் தாமே சவரம் செய்துகொண்டார். மறுநாளும் செய்துகொண்டார். விடுமுறை முடியும் வரை ஒருநாள் தவறாமல், ஊர்ப்பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்து செய்துகொண்டார். அந்தத் தெருவின் இளைஞர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். சில நாள்களில் காசு சேர்த்து ஜெயங்கொண்டம் போய் ஷேவிங் செட்டுகள் வாங்கி வந்தார்கள். அதன்பின் அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் ஒரு சவரத்துக்காக யாரிடமும் கெஞ்சி நிற்கவில்லை.

விடுமுறை முடியும் முன் ஒரு மாலை, இருட்டிய பிறகு, தாத்தா அந்த வீட்டுக்குப் போனார். "தம்பி, அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. ஆனா செஞ்சிருந்தா எங்க வீட்ல அடுப்பு எரியாது" என்றாராம். அவர், "உங்க மேல கோவமில்லண்ணே. என்னைத் தொடக் கூடாதுன்னு சொன்னவங்கதான் உங்களையும் கட்டிப் போட்டிருக்காங்க" என்று சொல்லி, கைவசம் இருந்த இன்னொரு ரேசரைத் தாத்தாவிடம் கொடுத்தார். "உங்களுக்கு எதுக்கு இதுன்னு நினைக்காதீங்க. வச்சுக்குங்க" என்றாராம்.

தாத்தா அதை வைத்துக்கொண்டார். பத்தாண்டுகளுக்கு மேல் பயன்படுத்தவே இல்லையாம். பிறகு நெடுஞ்சாலையோரம் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, ஒரு மர நாற்காலி வாங்கி, சுவரில் கட்டண அட்டை மாட்டினார். வருகிறவர் யாராயினும் உட்காரலாம். எழும்போது காசு வைக்க வேண்டும். களத்துப் பங்கு நின்றது. அதோடு களத்தின் அதிகாரமும் நின்றது. கடை திறந்த அன்று முதல் ஆளாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அந்தப் பட்டாளத்துக்காரர்தான். "முடி மட்டும் வெட்டுங்கண்ணே. மூஞ்சிய நான் பாத்துக்கறேன்" என்றாராம்! இதைச் சொல்லும்போது தாத்தா சிரித்தார். அதே மூச்சில் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

பிளேடு எங்கள் கைக்கு வந்தது

ரேசர் வந்ததால் எங்கள் தொழில் நலிந்தது என்று சிலர் சொல்வார்கள். ஓரளவு உண்மைதான். தினச் சவரத்துக்கு வருபவர் குறைந்தனர். ஆனால் எங்களை விட்டுப் போன வேலையில் பெரும்பகுதி கூலியற்ற வேலை. தம் முகத்தைத் தாமே பார்த்துக்கொள்ள முடிகிற ஒருவர் கடைக்கு வந்தால், அவர் விரும்பி வருகிறார், மதித்து வருகிறார், காசு கொடுக்கிறார். கட்டாயத்தால் வருகிறவருக்கும் விருப்பத்தால் வருகிறவருக்கும் உள்ள வேறுபாட்டை அறிய வேண்டுமானால், ஒருநாள் எங்கள் கடையில் வந்து உட்கார்ந்து பாருங்கள்.

இன்னொரு திருப்பமும் நேர்ந்தது. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவியான நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். செய்தி ஊர்களுக்குப் பரவியதும், "புது பிளேடு போடுங்க" என்ற குரல் சலூன்களில் எழுந்தது. தலைமுறை தலைமுறையாகத் தீட்டிய கத்தியை அப்பா மூட்டை கட்டி வைத்தார். சேஃப்டி ரேசரின் இருமுனை பிளேடை நடுவில் ஒடித்து, பாதியைக் கைப்பிடியில் செருகிச் சவரம் செய்யும் கத்தி வந்தது. எங்களுக்குப் போட்டியாக வந்த பிளேடே எங்கள் கையில் புது அலகாயிற்று. ஒருவருக்குப் போட்ட பிளேடை மற்றவருக்குப் போடாமை, மருத்துவர் என்ற பெயருக்கு நாங்கள் செலுத்தும் மரியாதை.

ஏன் பழைய ரேசர்?

நண்பர்களே, இன்று விடுதியில் நம்மில் பலர் பயன்படுத்துவது பிளாஸ்டிக் ரேசர். 1971-இல் இரண்டு அலகு, 1998-இல் மூன்று, 2006-இல் ஐந்து என்று அலகுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று; விலையும் ஏறிற்று. கணித மாணவன் என்ற முறையில் இந்தத் தொடர் எங்கே முடியும் என்று நான் யோசிப்பதுண்டு.

அது திரும்பி வந்த இடம் சுவையானது. 2002-இல் ஜில்லெட் நிறுவனம் இந்தியர்களுக்கென்று ஒரு ரேசரைச் செய்து, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தது. அவர்கள் பாராட்டினார்கள். இந்தியாவுக்கு வந்ததும் அது தோற்றது. காரணம், அங்கே குழாயில் ஓடும் தண்ணீர். இங்கே ஒரு குவளைத் தண்ணீர். குவளையில் அலசினால் அலகுகளுக்கிடையே அடைத்த மயிர் போகவில்லை. பிறகு அவர்கள் இந்திய வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்து பார்த்து, 2010-இல் 15 ரூபாய்க்கு ஒரு ரேசரை வெளியிட்டார்கள். அதில் இருந்தது ஒரே ஓர் அலகு! நூறாண்டு சுற்றியும், குவளைத் தண்ணீருக்கு ஒற்றை அலகே போதும் என்ற முடிவுக்குத்தான் வர வேண்டியிருந்தது. தாத்தாவின் ரேசரைக் கழற்றி இரண்டு முறை குவளையில் ஆட்டினால் எல்லாம் போய்விடும்.

சிக்கனமும் உண்டு. ஒரு பிளேடு சில ரூபாய்தான். வாரம் இருமுறை சவரம் செய்யும் எனக்கு ஒரு பிளேடு நான்கு முறை வரும். ஆண்டுக்கு இருபத்தாறு பிளேடுகள். தூக்கி எறிவதற்குப் பிளாஸ்டிக் இல்லை. எறிவது எஃகு மட்டுமே. அதையும் அப்படியே குப்பையில் எறியாதீர்கள். குப்பை அள்ளுகிறவரும் நம்மைப் போல் கை உடையவர்தான். ஒரு பழைய தகர டப்பாவில் சிறு துளையிட்டு அதில் போட்டு, நிறைந்ததும் மூடி ஒட்டிப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கலாம். உங்கள் பிளேடை மற்றவருக்கும் தராதீர்கள். எவ்வளவு நெருங்கிய நண்பராயினும் வேண்டாம்.

பழகுவது கடினமா? அப்பா எனக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன். "முதல்ல வெந்நீர்ல முகத்தை நல்லா ஊற விடு. அவசரப்படாத. சோப்பு நுரை மயிரோட அடிவரைக்கும் போகணும். மயிர் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமே இழு. ரேசர் உன் கன்னத்துல தானா நடக்கணும். நீ தள்ளக் கூடாது. அதோட எடையே போதும்." சாய்வு ஏறத்தாழ முப்பது பாகை இருந்தால் சரி. முதல் வாரம் எனக்கு இரண்டு மூன்று இடங்களில் வெட்டியது. படிகாரக் கல்லை நனைத்துத் தடவினால் எரியும், இரத்தம் நின்றுவிடும். இரண்டாம் வாரம் வெட்டவில்லை. பிளாஸ்டிக் ரேசர் நம் கவனக்குறைவை மன்னிக்கிறது. பழைய ரேசர் மன்னிப்பதில்லை. ஆகவே கவனத்தைக் கற்றுக்கொடுக்கிறது. தேர்வுக்குப் படிக்கிற நமக்கு, காலையில் ஐந்து நிமிடம் வேறு எதையும் நினைக்காமல் ஒரே செயலில் நிற்பது நல்ல பயிற்சி என்பது என் அனுபவம்.

தாடி வளர்ப்பதுதானே இன்றைய நாகரிகம் என்று கேட்கலாம். வளருங்கள்! வள்ளுவரே கூடாவொழுக்கம் என்ற அதிகாரத்தில், முடியைக் களைவதிலும் வளர்ப்பதிலும் ஒன்றுமில்லை. உலகம் பழிக்கும் செயலை விட்டால் போதும் என்று முடித்துவிட்டார். நான் சொல்ல வந்ததும் அதுவே. முகத்தில் எதை வைப்பது, எதை எடுப்பது என்பது அவரவர் விருப்பம். விட்டொழிக்க வேண்டியது வேறு.

விட்டொழிக்க வேண்டியது

ரேசர் ஒரு தெருவுக்கு மானத்தைக் கொடுத்தது. என் தாத்தாவை ஒரு கட்டிலிருந்து அவிழ்த்தது. ஆனால் அது யார் மனத்தையும் மாற்றிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மறுத்தவர்கள் மறுத்தபடியே இருந்தார்கள்; மறுக்கப்பட்டவர்கள் தம் வழியைத் தாம் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவே. மனம் மாற வேண்டிய வேலை இன்னும் மீதமிருக்கிறது. அது எங்கோ ஒரு கிராமத்தில் மட்டும் இல்லை; நம் வகுப்பறையின் பின்வரிசையிலும் இருக்கிறது. குனிந்துகொண்ட என் தலையிலும் இருந்தது. பிறர் சிரிப்புக்கு அஞ்சி 'சுயதொழில்' என்று எழுதியவன் நான்தானே?

எங்கள் ஊர்க் கோயிலுக்கு வருகிறவர்கள் தவறாமல் பார்க்கும் சிற்பம் ஒன்று உண்டு; வடக்கு வாயிலருகே இருக்கிறது. சண்டேசுவரருக்கு அருள்புரியும் சிவபெருமான், தம் கையாலேயே அவர் தலையில் மாலையைச் சுற்றுகிறார். இறைவனின் விரல்கள் ஓர் அடியவரின் தலையை அவ்வளவு பரிவோடு தொடுவதைக் கல்லில் வடித்திருக்கிறான் சிற்பி. சிறு வயதில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் கைதான் நினைவுக்கு வரும். ஒருவர் தலையைத் தொட்டு, மெல்லச் சாய்த்து, காதோரம் கத்தியை வைக்கும்போது அந்தக் கையில் அதே பரிவு இருக்கும். கழுத்தைக் காட்டி உட்கார்ந்திருப்பவர் அவரை முழுவதும் நம்பியிருக்கிறார். இவ்வளவு நம்பிக்கைக்குரிய தொழில் எப்படித் தாழ்ந்த தொழிலாகும்?

ரசலின் புதிருக்குப் பேராசிரியர் அன்று மணி அடிப்பதற்குள் விடை சொன்னார். அத்தகைய முடிதிருத்துபவர் ஒருவர் இருக்க முடியாது. விதியே தன்னோடு முரண்படுவதால், அப்படி ஓர் ஊரே கிடையாது என்பதுதான் விடை. எனக்கு அந்த விடை பிடித்திருக்கிறது. இவர் தலையைத் தொடலாம், அவர் தலையைத் தொடக் கூடாது என்று விதி வைத்திருந்த ஊரும் முரண்பட்ட ஊர்தான். அதுவும் இருக்கக் கூடாத ஊர்தான். ஆனால் கணிதத்தில் முரண்பாட்டைக் காட்டினாலே ஊர் மறைந்துவிடுகிறது. வாழ்க்கையில் நாம்தான் அதை மறையச் செய்ய வேண்டியிருக்கிறது.

மூன்றாம் ஆண்டுக்கான படிவத்தை அடுத்த மாதம் தருவார்கள். இம்முறை அந்தக் கட்டத்தில் 'முடிதிருத்துபவர்' என்று எழுதப் போகிறேன். அன்று காலையும் தாத்தாவின் ரேசரால்தான் சவரம் செய்துகொண்டு வருவேன். பட்டாளத்துக்காரர் தம் வாசலில் உட்கார்ந்ததுபோல், ஊர்ப்பாதையைப் பார்த்தபடி.